வூஹானில் இருந்து திரும்பும் ஈஸ்ட் பெங்கால் பெண்கள்: ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் நமக்கு என்ன குறையுது?

கார்னர்கொடி | 24 நவம்பர் 2025, காலை 7.10

நேத்து ராத்திரி சரியா தூக்கமே இல்ல. நசாஃப் கிட்ட 3-0. ஆசிய மகளிர் கால்பந்து சாம்பியன்ஸ் லீக்ல இருந்து கொல்கத்தாவோட ஈஸ்ட் பெங்கால் வெளியே வந்தாச்சு.

ஒரே வாரத்துல மூணு ஆட்டம். 17ஆம் தேதி ஈரானோட பாம் காத்தூனை 3-1னு ஜெயிச்சாங்க. அந்த நாட்டு லீக்கைப் பல தடவை வாங்கின அணி அது. ஆரம்பத்துலயே ஷில்கி தேவி ஒண்ணு, அப்புறம் ஃபாசிலா இக்வாபுட், கடைசியில ரெஸ்டி நன்சிரி. இந்தப் போட்டியோட குரூப் கட்டத்துல இந்திய கிளப் ஒண்ணு ஜெயிக்கிறது இதுதான் முதல் தடவை. 20ஆம் தேதி நடப்பு சாம்பியன் வூஹான் ஜியாங்டா, அதுவும் அவங்க ஊர்லயே. 2-0 தோல்வி. மூணு நாள் கழிச்சு உஸ்பெகிஸ்தானோட நசாஃப்.

மூணாவது ஆட்டத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், கால் வரலை. முதல் ஆட்டத்துல பந்து போன உடனே ரெண்டு பேர் பாய்ஞ்சு மறிச்சாங்க. நேத்து அதே இடத்துல ஒருத்தர் போறாங்க, இன்னொருத்தர் நாலடி தள்ளி நிக்கிறாங்க. மனசு இல்லாம இல்ல. ஏழு நாள்ல மூணு பெரிய ஆட்டம் ஆடிப் பழகின உடம்பு இல்ல அது.

போன சீசன் இந்தியன் விமன்ஸ் லீக்ல எட்டு அணி. ஒரு அணிக்கு 14 ஆட்டம். அதுக்கு முந்தின சீசன் ஏழு அணி, 12 ஆட்டம். ஜப்பானோட வீ லீக்ல 12 அணி, 22 ஆட்டம், அது போக அவங்க உள்நாட்டுக் கோப்பைகள் தனி. நம்ம பிரச்சினை இந்த எண்ணிக்கையிலதான் இருக்குன்னு எனக்குத் தோணுது. திறமை, உயரம், சாப்பாடுன்னு வழக்கமா சொல்ற எல்லாம் அதுக்குப் பின்னாடிதான். நீங்க என்ன நினைக்கிறீங்க?

ஒன்பதாம்எண் | 24 நவம்பர் 2025, காலை 8.42

கார்னர்கொடி, உங்க வருத்தம் புரியுது. ஆனா நான் வேற மாதிரி பார்க்கிறேன்.

2024 அக்டோபர், வியட்நாமோட ஹோ சி மின் நகரம். ஒடிசா எஃப்சி நம்ம லீக் சாம்பியனாப் போச்சு. ஜப்பானோட உராவா ரெட் டயமண்ட்ஸ் கிட்ட 17-0 தோல்வி. நம்ம நாட்டுல முதலிடம் வாங்கின அணிக்கு ஆசியாவுல அந்த நிலை. அடுத்த சீசன் அதே ஒடிசா நம்ம லீக்ல கீழே கிடந்தது. அப்போ நம்ம சாம்பியன் பட்டத்துக்கு என்ன மதிப்பு?

பாம் காத்தூன் ஆட்டத்தையும் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. மூணு கோல்ல ரெண்டு உகாண்டா வீராங்கனைகள் அடிச்சது. ஃபாசிலா போன சீசன் கோகுலம் கேரளா கிளப்புல 24 கோல் போட்டவங்க, அவங்களைக் கொண்டு வந்ததாலதான் இவ்வளவு தூரமாவது போக முடிஞ்சது. நம்ம பொண்ணுங்க முன்னேறினாங்கன்னு இதை வச்சு எப்படிச் சொல்றது?

முதல்ல வீட்டைச் சரி பண்ணுவோம். லீக்கைப் பெருசாக்குவோம். அதுவரைக்கும் பெரிய அணிகள் கிட்ட அனுப்பி அந்தப் பொண்ணுங்க மனசை உடைக்க வேண்டாம். இதைக் கோவத்துல சொல்லலை. 17-0 ஸ்கோர்போர்டைப் பார்த்தப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

பழையகணக்கு | 24 நவம்பர் 2025, காலை 11.05

இரண்டு பேரும் 2024இல் இருந்து தொடங்குகிறீர்கள். கதை அதற்கு முன்பே இருக்கிறது, அதைச் சொல்லாமல் விவாதிப்பது சரியாக இருக்காது.

2019 மே மாதம் இந்தியன் விமன்ஸ் லீக்கை வென்றது நம் மதுரை சேது எஃப்சி. லூதியானாவில் நடந்த இறுதியில் மணிப்பூர் போலீசை 3-1 என்று வீழ்த்தினார்கள். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி அந்த சீசனில் சேதுவுக்குத்தான் ஆடினார். அதே ஆண்டின் இறுதியில்தான் ஆசியாவின் முதல் அதிகாரபூர்வ மகளிர் கிளப் போட்டி தென்கொரியாவின் யோங்கின் நகரில் வெள்ளோட்டமாக நடந்தது. மொத்தம் நான்கே அணிகள்: ஜப்பானின் நிப்பான் டிவி பெலேசா, சீனாவின் ஜியாங்சு சூனிங், கொரியாவின் இஞ்சியோன் ரெட் ஏஞ்சல்ஸ், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் விக்டரி. கோப்பை பெலேசாவுக்கு. இந்தியாவுக்கு அழைப்பே இல்லை. சேது அணி எங்கே நின்றிருக்கும் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. எனக்கு இன்றும் ஆறாத குறை அது.

2020 கொரோனாவில் போனது. 2021இல் ஜோர்டானின் அகபாவுக்கு கோகுலம் கேரளா போனது. முதல் இரண்டு ஆட்டமும் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோல்வி. மூன்றாவதில் உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோரை 3-1 என்று வென்றார்கள். அதில் ஒரு கோல் மனிஷா கல்யாண் அடித்தது.

2022 பற்றி எழுதவே கை வரவில்லை. யாராவது எழுதுங்கள்.

வலைக்காவல் | 24 நவம்பர் 2025, மதியம் 1.30

2022ஐ நான் எழுதறேன் அண்ணா.

ஆகஸ்ட் 16 விடியக்காலையில கோகுலம் டீம் தாஷ்கண்ட்ல இறங்குச்சு. அங்கிருந்து கார்ஷி போகணும், 23ஆம் தேதி முதல் ஆட்டம். இறங்கின கையோட சேதி வருது. நம்ம சம்மேளனத்தை ஃபிஃபா சஸ்பெண்ட் பண்ணிடுச்சு, மூணாம் தரப்புத் தலையீடுன்னு காரணம். இந்திய கிளப் எதுவும் சர்வதேசப் போட்டியில ஆட முடியாது.

பையில பூட்ஸ் இருக்கு, ஜெர்சி இருக்கு, ஆட்ட அட்டவணை இருக்கு. நாட்டுல ரெண்டு தடவை தொடர்ந்து சாம்பியனான டீம். ஹோட்டல்ல உட்கார்ந்து காத்திருந்தாங்க. பிரதமருக்குக் கடிதம் எழுதினாங்க. விளையாட்டு அமைச்சகம் ஃபிஃபாவுக்கும் ஆசிய சம்மேளனத்துக்கும் எழுதுச்சு. எதுவும் நடக்கலை. ஒரு நிமிஷம்கூட ஆடாம திரும்பி வந்தாங்க. தடை நீங்கினது ஆகஸ்ட் 26.

ஆண்கள் கால்பந்துக்கும் அதே தடைதான். ஆனா அந்த வாரம் பெட்டியோட வெளிநாட்டுல நின்னது இந்தப் பொண்ணுங்கதான். நிர்வாகத்துல யாரோ பண்ணின தப்புக்கு அவங்க வருஷம் போச்சு. ஒரு வீராங்கனைக்கு உச்சத்துல எத்தனை வருஷம் இருக்கும், சொல்லுங்க? ஏழா, எட்டா? அதுல ஒண்ணு.

17-0 பத்தியும் சொல்லணும். சாயங்காலம் எழுதறேன், இப்போ வேலை நேரம்.

மாலைப்பயிற்சி | 24 நவம்பர் 2025, மாலை 4.15

எல்லாருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர், கடலூர் மாவட்டம். இந்திய அணிக்கு ஆடின இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் ரெண்டு பேரும் எங்க மாவட்டம்தான். அதனால எங்க பக்கத்துல பொண்ணுங்க பந்து ஆடறது யாருக்கும் அதிசயம் இல்ல.

வலைக்காவல் அம்மா சொன்ன அதே வாரத்துல இன்னொண்ணும் நடந்துச்சு. கோகுலம் பொண்ணுங்க தாஷ்கண்ட்ல மாட்டிக்கிட்டு இருந்த ஆகஸ்ட் 18ஆம் தேதி, சைப்ரஸ்ல மனிஷா கல்யாண் அப்பல்லோன் லேடீஸ் அணிக்காக மாற்று வீராங்கனையா இறங்கினாங்க. ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்ல ஆடின முதல் இந்தியப் பொண்ணு. அந்த ஜூலை வரைக்கும் அவங்க கோகுலம். சைப்ரஸ் கிளப்புக்குப் போனதால தடை அவங்களைத் தொடலை. போகாம இருந்திருந்தா அவங்களும் அந்த ஹோட்டல்லதான் உட்கார்ந்திருக்கணும்.

இதைப் பிள்ளைங்க கிட்ட சொன்னப்போ எட்டாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி கேட்டா, "அப்போ நம்ம ஊரு டீம்ல இருந்தா ஆட முடியாதா சார்?" எனக்கு உடனே பதில் வரலை.

புதுவரவு | 24 நவம்பர் 2025, மாலை 5.02

ஒரு அடிப்படைச் சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. ஜூலைல தாய்லாந்தை ஜெயிச்சு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றோமே, அதுவும் இதுவும் ஒண்ணா?

பழையகணக்கு | 24 நவம்பர் 2025, மாலை 5.20

இல்லை. சியாங் மாயில் சங்கீதா பாஸ்ஃபோரின் இரண்டு கோலில் 2-1 என்று வென்றது நாட்டு அணி. இது கிளப் அணிகளின் போட்டி. ஒவ்வொரு நாட்டின் லீக் சாம்பியனும் வரும். சிறிய லீக் நாடுகள் ஆகஸ்டில் தகுதிச் சுற்று ஆட வேண்டும். ஈஸ்ட் பெங்கால் அதை கம்போடியாவின் நாம்பென்னில் ஆடியது. நாம்பென் கிரவுனை 1-0 என்று வென்று, ஹாங்காங்கின் கிட்சீயுடன் 1-1 டிரா செய்து மேலே வந்தார்கள். பிறகு 12 அணிகள், மூன்று குரூப். அதில் எட்டு காலிறுதிக்குப் போகும். இந்தப் பெயரில், இந்த வடிவில் 2024-25 சீசனில்தான் தொடங்கியது. முதல் சாம்பியன் வூஹான், மெல்போர்ன் சிட்டியைப் பெனால்டியில் வீழ்த்தி. பரிசு 10 லட்சம் டாலர்.

ஒடிசா இருந்த குரூப்பில் இருந்த ஹோ சி மின் நகர அணி அந்த சீசனில் அரையிறுதி வரை போனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது ஜப்பானும் இல்லை, சீனாவும் இல்லை.

வலைக்காவல் | 24 நவம்பர் 2025, இரவு 9.48

இப்போதான் உட்கார்ந்தேன். பெருசாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் கல்லூரி, பல்கலைக்கழகம் வரைக்கும் கோல்கீப்பர். ஒரு தடவை வடக்கே பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போனோம். ரயில்ல பாதிப் பேருக்கு பெர்த் கன்ஃபர்ம் ஆகலை, கதவோரம் பையைப் போட்டு உட்கார்ந்தே ரெண்டு ராத்திரி. போய் இறங்கின மறுநாள் காலை ஆட்டம். 11 கோல் வாங்கினேன்.

அஞ்சாவது கோல் வரைக்கும் கத்திக்கிட்டே இருந்தேன். லெஃப்ட் போ, மார்க் பண்ணு, வெளிய வா. அதுக்கப்புறம் என் டிஃபெண்டர்ஸ் என்னைத் திரும்பிப் பார்க்கிறதை நிறுத்திட்டாங்க. கோவத்துல இல்ல. பார்த்தா அழுதுடுவாங்க, அதான். ஒவ்வொரு கோலுக்கும் வலைக்குள்ள போய் குனிஞ்சு பந்தை எடுக்கிறது நான்தான். முதல்ல சட்டுனு எடுத்து நடுக்கோட்டுக்கு உதைச்சேன். எட்டாவதுக்கு மேல வேணும்னே மெதுவா நடந்து போனேன். எங்க பொண்ணுங்களுக்கு ரெண்டு மூச்சு வாங்க நேரம் கிடைக்கட்டும்னு. வலையோட கீழ் ஓரத்துல ஒரு கிழிசல், அதை நீலக் கயிறு போட்டுக் கட்டி வச்சிருந்தாங்க. அந்த முடிச்சு இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது.

அதனால 17-0 பார்த்தப்போ நான் ஸ்கோரைப் பார்க்கலை. ஒடிசா கோல்கீப்பரோட காலைப் பார்த்தேன். உராவா பந்தை ஓரத்துல இருந்து உயரமா தூக்கிப் போடலை. கோட்டு வரைக்கும் கொண்டு போய், பின்னாடி திருப்பித் தரையோட தள்ளினாங்க. அந்தப் பாஸ் வரும்போது கீப்பர் முதல் போஸ்ட்ல இருந்து நடுவுக்கு ரெண்டு எட்டு வச்சு, காலை ஊனி நிக்கணும். அவங்க ஒரு எட்டு வைக்கும்போதே பந்து அடிச்சாச்சு. ஓடிக்கிட்டு இருக்கிற காலால பாய முடியாது. அங்க பயம், துணிச்சல் பேச்சே இல்ல. அந்த வேகத்துல பந்து திரும்பி வர்றதை ஒரு சீசன்ல எத்தனை தடவை பார்த்திருக்காங்கங்கிறதுதான் கேள்வி. நம்ம லீக்ல முதலிடத்துல இருக்கிற அணியோட கீப்பருக்கு ஒரு ஆட்டத்துல வேலையே நாலஞ்சு பந்துதான் வரும். 12 ஆட்டம் முடிஞ்சுதுன்னா அவ்வளவுதான் படிப்பு.

ஒன்பதாம்எண், மனசு உடையும்னு சொன்னீங்க. உடையும்தான். எனக்கு உடைஞ்சது. ஆனா அந்த 11 கோலுக்கு அப்புறம்தான் முதல் போஸ்ட்டை விட்டு எப்போ நகரணும்னு எனக்குப் புரிஞ்சது. அடுத்த வருஷம் அதே அணி கிட்ட 2-0. மூணாவது வருஷம் இல்ல, படிப்பு முடிஞ்சது, வீட்ல கல்யாணப் பேச்சு. என்னை வருத்துறது அந்த 11 இல்ல, ஆடாமப் போன அந்த மூணாவது ஆட்டம்.

ஒன்பதாம்எண் | 24 நவம்பர் 2025, இரவு 10.37

அக்கா, ரெண்டு தடவை படிச்சேன். அனுப்ப வேண்டாம்னு நான் எழுதினதை அப்படியே விட மனசு வரலை, அதைத் திரும்ப வாங்கிக்கிறேன்.

ஆனா ஒரு கேள்வி அப்படியே நிக்குது. உங்களுக்கு அடுத்த வருஷம் அதே அணி கிட்ட ஆடக் கிடைச்சது. ஒடிசா பொண்ணுங்களுக்குக் கிடைச்சதா? அந்த அணியே கலைஞ்ச மாதிரி ஆச்சு. பாடம் படிச்சவங்க ஒரு பக்கம், பரீட்சை எழுதறவங்க இன்னொரு பக்கம். ஒவ்வொரு வருஷமும் வேற கிளப் போகுது, வேற பொண்ணுங்க போறாங்க, எல்லாரும் முதல் பாடத்துல இருந்து தொடங்குறாங்க.

கார்னர்கொடி | 25 நவம்பர் 2025, காலை 6.55

ஒன்பதாம்எண் சரியான இடத்துல கை வச்சிருக்கார். கிளப்போட ஆயுசுதான் நம்ம ஊர்ல பெரிய பிரச்சினை.

ஆனா வீராங்கனைகள் வழியா கொஞ்சம் நீடிக்குது. கோகுலத்துல ஆடினவங்க பல பேர் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தாங்க, கோச் அந்தோணி ஆண்ட்ரூஸே அங்கிருந்து வந்தவர்தான். அகபாவுலயும் தாஷ்கண்ட்லயும் பட்டது முழுசா வீணாப் போகலை. வெளிநாட்டு வீராங்கனை கோல் அடிச்சதையும் நான் குறையாப் பார்க்கலை. ஃபாசிலாவை தினமும் பயிற்சியில மறிக்கிற இந்திய டிஃபெண்டர் யாரு? அவளுக்கு வாரத்துல அஞ்சு நாள் பாடம் நடக்குது.

பழையகணக்கு | 25 நவம்பர் 2025, காலை 10.30

கிளப்பின் ஆயுள் பற்றிப் பேசும்போது ஐரோப்பாவையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம். அங்கேயும் இது நேர்ப்பாதையில் வரவில்லை.

2001-02இல் யூயெஃபா மகளிர் கோப்பை என்ற பெயரில் தொடங்கினார்கள். முதல் இறுதியில் ஃபிராங்க்ஃபர்ட் 2-0 என்று ஸ்வீடனின் உமெயோவை வென்றது. இரண்டு ஆண்டு கழித்து அதே இரண்டு அணிகள், இந்த முறை பிரேசிலின் மார்த்தா ஆடிய உமெயோ, இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 8-0 என்று வென்றது. குரூப் ஆட்டம் இல்லை அது, இறுதி! ஜெர்மனியின் சாம்பியன் இறுதியில் எட்டு கோல் வாங்கியது. அதற்காக ஃபிராங்க்ஃபர்ட் வீட்டில் உட்காரவில்லை. 2006, 2008, 2015 என்று மேலும் மூன்று முறை கோப்பையை எடுத்தது.

எதிர்ப்பக்கம் டுரெசோ. ஸ்டாக்ஹோம் பக்கத்தில் இருந்த கிளப். 2014 லிஸ்பன் இறுதியில் வுல்ஃப்ஸ்பர்க்கிடம் 4-3. அந்த மூன்றில் இரண்டு மார்த்தாவுடையது. ஐரோப்பிய இறுதி ஆடிய கையோடு பணம் தீர்ந்து, அந்த ஆண்டு லீக்கில் இருந்தே விலகிவிட்டது. ஆகவே ஒன்பதாம்எண் சொல்லும் பயம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதில்லை. நட்சத்திரங்களை வாங்கி ஒரு சீசன் ஆடிவிட்டுக் கரைந்துபோவது எங்கும் நடக்கிறது.

பிரான்சின் லியோனைப் பாருங்கள். 2010 இறுதியில் போட்ஸ்டாமிடம் பெனால்டியில் தோற்றது. 2011இல் அதே போட்ஸ்டாமை 2-0 என்று வென்றது. இன்றுவரை எட்டு கோப்பை. பார்சிலோனா 2019 இறுதியில் அந்த லியோனிடம் முதல் அரை மணி நேரத்திலேயே நான்கு கோல் வாங்கியது, அடா ஹெகர்பெர்க் மட்டும் மூன்று. 2021இல் செல்சியை 4-0 என்று வென்று பார்சிலோனா கோப்பை எடுத்தது. 2022இல் வுல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிரான அரையிறுதிக்கு கேம்ப் நோவில் 91,648 பேர் வந்தார்கள்.

மாலைப்பயிற்சி | 25 நவம்பர் 2025, மாலை 6.40

பழையகணக்கு ஐயா சொல்றதெல்லாம் பிள்ளைங்களுக்குச் சொல்லத் தகுந்த கதை. ஆனா பார்சிலோனா தோத்த மறுநாளும் அவங்களுக்கு கிரவுண்டு இருந்துச்சு, சம்பளம் இருந்துச்சு. நான் கீழே இருந்து பார்க்கிறதைச் சொல்றேன்.

எங்க பள்ளியில 26 பொண்ணுங்க பயிற்சிக்கு வர்றாங்க. ஸ்டட்ஸ் 15 ஜோடி. ஆட்டத்துல மாற்று வீராங்கனை இறங்கணும்னா வெளிய வர்றவ உட்கார்ந்து கழட்டிக் கொடுக்கணும். அளவு பெருசா இருந்தா முன்னாடி துணியைத் திணிச்சுப் போட்டுக்குவாங்க. போன வருஷம் ஒரு போட்டிக்குப் போனோம், காலையில எட்டு மணி ஆட்டம்னு சொன்னாங்க. பையன்கள் ஆட்டம் எல்லாம் முடிஞ்சு பன்னெண்டரைக்குத்தான் எங்களை இறக்கினாங்க. உடை மாத்த ஒரு அறை கேட்டேன், பந்து வைக்கிற ஸ்டோர் ரூமைத் திறந்து விட்டாங்க. பொண்ணுங்க துப்பட்டாவை ஜன்னல்ல கட்டி மறைச்சு மாத்தினாங்க. அப்படியும் ரெண்டு ஆட்டம் ஜெயிச்சோம்.

ஒரு வருஷத்துல எங்க பொண்ணுங்க ஆடற மொத்தப் போட்டி ஆட்டம் எட்டு, மிஞ்சிப்போனா பத்து. குறுவட்டத்துல தோத்தா அதோட அந்த வருஷம் முடிஞ்சது. கார்னர்கொடி சொன்ன 14க்கும் 22க்கும் உள்ள தூரம் மேல தெரியுது. கீழே அது எட்டுல இருந்து தொடங்குது. பதினோரு வயசுல இருந்து வருஷத்துக்கு எட்டு ஆட்டம் ஆடின பொண்ணும், நாப்பது ஆடின பொண்ணும் இருபத்தி மூணு வயசுல வூஹான்ல எதிரெதிரா நின்னா, நம்ம பொண்ணு எங்க இருந்து வேகத்தைக் கொண்டு வருவா?

பிளஸ் டூ முடிஞ்சதும் பாதிப் பேர் காணாமப் போயிடறாங்க. விளையாட்டு ஒதுக்கீட்டுல போலீஸ் வேலை கிடைக்கும்னு சொன்னாத்தான் சில வீட்ல விடறாங்க. அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன், அந்த வேலைதான் பல பொண்ணுங்களைக் கால்பந்துல வச்சிருக்கு.

புதுவரவு | 25 நவம்பர் 2025, இரவு 8.11

சார், ஆட்டம் அதிகமாகணும்னா உடனடியா என்ன பண்ணலாம்? பணம் இல்லாம நடக்கக்கூடியது ஏதாவது இருக்கா?

மாலைப்பயிற்சி | 25 நவம்பர் 2025, இரவு 9.25

இருக்கு. நாக் அவுட்டை விட்டுட்டு மாவட்டத்துக்குள்ள லீக் முறையில நடத்தினாலே போதும். எட்டுப் பள்ளி, ஆளுக்கு ஏழு ஆட்டம், பேருந்து தூரத்துக்குள்ள. தோத்த அணிக்கும் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இருக்கும். நாங்க நாலு பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து ஜூலைல இருந்து இப்படித்தான் ஆடறோம், யார் அனுமதியும் கேட்கலை. விசில் நாங்களே. முதல் வாரம் 9-0 வாங்கின பள்ளி அக்டோபர்ல அதே அணி கிட்ட 2-1.

ஒன்பதாம்எண் | 25 நவம்பர் 2025, இரவு 9.50

சார், இதைத்தான் நான் "வீட்டைச் சரி பண்ணணும்"னு சொன்னேன். நான் மேலேயே பார்த்துக்கிட்டு இருந்தேன், நீங்க கீழே செஞ்சுக்கிட்டு இருக்கீங்க. உங்க பள்ளிக்கு ரெண்டு ஜோடி ஸ்டட்ஸ் என் பொறுப்பு. தனிச்செய்தியில அளவு அனுப்புங்க.

கார்னர்கொடி | 21 டிசம்பர் 2025, காலை 8.05

இழையை மறுபடி மேலே கொண்டு வர்றேன், காரணம் இருக்கு. காத்மாண்டுல நடந்த தெற்காசிய மகளிர் கிளப் சாம்பியன்ஷிப், இதுவும் முதல் தடவை, ஈஸ்ட் பெங்கால் கோப்பை எடுத்தாச்சு. இறுதியில நேபாளத்தோட ஏபிஎஃப் அணியை 3-0. பூட்டான், பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இந்தியா, அஞ்சு நாட்டுச் சாம்பியன்கள். எல்லாரும் எல்லாரோடவும் ஆடி அப்புறம் இறுதி. அதாவது அஞ்சு ஆட்டம்.

இப்போ கணக்குப் போடுங்க. ஆகஸ்ட்ல நாம்பென்ல ரெண்டு. நவம்பர்ல வூஹான்ல மூணு. டிசம்பர்ல காத்மாண்டுல அஞ்சு. அஞ்சு மாசத்துக்குள்ள ஒரு இந்திய மகளிர் கிளப் வெளிநாட்டு மண்ணுல பத்து ஆட்டம். அகபாவுக்குப் போன கோகுலத்துக்கு மூணுதான் கிடைச்சது. தாஷ்கண்ட் போனவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. லீக்ல ஒரு முழு சீசனுக்கு 14 ஆட்டம் ஆடற நாட்டுல இந்தப் பத்து எவ்வளவு பெருசுன்னு யோசிங்க.

காத்மாண்டு தரமும் வூஹான் தரமும் ஒண்ணு இல்ல, தெரியும். ஆனா நவம்பர்ல மூணாவது ஆட்டத்துல கால் வரலைன்னு எழுதினேன் இல்லையா? இங்க அஞ்சாவது ஆட்டத்துல மூணு கோல் போட்டாங்க.

ஒன்பதாம்எண் | 21 டிசம்பர் 2025, காலை 9.12

மனசார சந்தோஷம். நிஜமாவே. ஆனா வூஹான் 2-0ஐயும் இந்த 3-0ஐயும் ஒரே தராசுல வைக்க மாட்டேன். இதே பொண்ணுங்க அடுத்த ஆகஸ்ட்லயும் சேர்ந்து இருக்காங்களான்னு பார்த்துட்டுச் சொல்றேன்.

பழையகணக்கு | 21 டிசம்பர் 2025, மதியம் 12.40

அது நியாயமான நிபந்தனை. இந்த மே 24ஆம் தேதி ஒரே நாளில் ஆசிய இறுதியும் ஐரோப்பிய இறுதியும் நடந்தன. வூஹானில் வூஹான் ஜெயித்தது. லிஸ்பனில் ஆர்சனல், ஸ்டினா பிளாக்ஸ்டெனியஸின் ஒரே கோலில், பார்சிலோனாவை. அந்த ஆர்சனல் முதல் தகுதிச் சுற்றில் இருந்து ஆடி வந்த அணி. காலிறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் முதல் ஆட்டம் 2-0 தோல்வி, அரையிறுதியில் லியோனிடம் முதல் ஆட்டம் 2-1 தோல்வி. இரண்டிலும் மறு ஆட்டம் இருந்தது, திரும்பி வந்தார்கள். நம் குரூப் வடிவத்தில் அந்த மறு ஆட்டமே கிடையாது. ஆசிய சம்மேளனத்திடம் கேட்க வேண்டியதில் முதலில் நிற்பது அதுதான்: சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று. செலவு அதிகம்தான். ஆனால் ஈஸ்ட் பெங்கால் பெண்கள் கொல்கத்தாவில் தங்கள் ரசிகர்கள் முன் வூஹானைச் சந்திப்பதை நினைத்துப் பாருங்கள்.

மாலைப்பயிற்சி | 21 டிசம்பர் 2025, மாலை 5.55

இறுதி ஆட்டத் துணுக்குகளை என் போன்ல போட்டுக் காட்டினேன். 26 பேர் ஒரு போனைச் சுத்தி. மூணாவது கோலுக்கு அப்புறம் எங்க கீப்பர் பொண்ணு மட்டும் மறுபடி போடச் சொன்னா. கோலைப் பார்க்க இல்ல, ஏபிஎஃப் கீப்பர் எங்க நின்னாங்கன்னு பார்க்க. பத்தாம் வகுப்பு படிக்கிறா. தரையோட திருப்பிப் போடற பந்துல அவ திணறுறா, எனக்கு அதைச் சொல்லித்தரத் தெரியலை. நான் ஆடினதெல்லாம் மிட்ஃபீல்டு.

வலைக்காவல் அம்மா, நீங்க அன்னைக்கு எழுதினீங்களே, முதல் போஸ்ட்ல இருந்து ரெண்டு எட்டுன்னு. அதை அவளுக்கு எப்படிப் பழக்கறது?

வலைக்காவல் | 21 டிசம்பர் 2025, இரவு 10.20

எழுதிப் புரியவைக்க முடியாது சார். முதல்ல பந்தே இல்லாம செய்யணும். போஸ்ட்டைக் கையால தொட்டு, ரெண்டு எட்டு, நில்லுன்னு இருபது தடவை. அப்புறம் நான் ஓரத்துல இருந்து தள்ளணும், நீங்க நடுவுல இருந்து அடிக்கணும். ரெண்டு பேர் வேணும் இதுக்கு.

ஜனவரி முதல் ஞாயிறு எனக்கு லீவு. காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சா எட்டரைக்கு அங்க இருப்பேன். அவ கை அளவு மட்டும் சொல்லுங்க, மணிக்கட்டுல இருந்து நடுவிரல் நுனி வரைக்கும். என்கிட்ட ஒரு ஜோடி கிளவுஸ் சும்மா கிடக்கு.